தேய்க்காத விளிம்பு

இடது பக்கக் கடைவாய்ப் பல் மறுபடியும் வலிக்கத் தொடங்கிவிட்டது. நேற்று ரொட்டியைக் கடித்தபோது உள்ளே அடைத்திருந்த வெள்ளை மருந்து பெயர்ந்து நாக்கில் விழுந்தது. காவலர் வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர். அந்த மருந்து தற்காலிகம்தான், பத்து நாளுக்கு மேல் தாங்காது என்று அதை வைத்தவரே சொல்லியிருந்தார். நிரந்தரமானதை வைப்பதற்கு அவர் இப்போது இல்லை. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்வதற்காகத்தான் ஐயா என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்பவர் அவசரப்பட வேண்டாம். நான் மெதுவாகத்தான் பேசுவேன்.

நான் கைக்கடிகார மெருகுக்காரன். பழுது பார்ப்பவன் இல்லை. உள்ளே ஓடும் சக்கரங்களைக் கடை முதலாளி பார்த்துக்கொள்வார். வெளிக்கூடு என்னுடையது. தொழிலில் அதைக் கேஸ் என்போம். கீறல் விழுந்து, வேர்வை ஏறி, மங்கி வருவதைத் தேய்த்துப் புதிது மாதிரி ஆக்கித் தருவேன். முப்பத்தொரு வருடமாக ஒரே கடை, ஒரே பின்னறை, ஒரே முக்காலி. இரண்டு கட்டைவிரலும் குளிர்காலத்தில் மடங்காது. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் கல் குவாரியில் இருந்தேன். ஒன்பது வயதில் ஜல்லி சுமக்க ஆரம்பித்தவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை எதுவானாலும் சொகுசுதான். அதனால் நான் குறை சொல்ல வரவில்லை.

எங்கள் கடைக்கு வருவது விலை உயர்ந்த சரக்கு. பத்து வருடத்துக்கு ஒரு பைத்தியம் வரும். ஒரு காலத்தில் சதுரம். ஒரு காலத்தில் பக்கவாட்டில் நாலு பொத்தான். பிறகு தட்டு அளவுக்குப் பெரிசு, பிறகு குடல் வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடி முதுகு. முண்டியடித்து வாங்கினவர்களே அஞ்சு வருடத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விற்க வருவார்கள். ஒரு வடிவம் மட்டும் இந்த ஆட்டத்துக்கே வராது. வட்டம். மெலிசு. வெள்ளை முகம். எண் கிடையாது, மணிக்கு ஒரு கோடு. இரண்டே முள், நொடிமுள்கூட இல்லை. எழுபது வருடத்துக்கு முன்னால் வரைந்தது. செய்த கம்பெனி இன்றைக்கும் அதையேதான் செய்கிறது. தாத்தா கட்டியதைப் பேரன் கட்டினாலும் அது பழசாகத் தெரியாது, பேரன்தான் கொஞ்சம் மரியாதையாகத் தெரிவான். ஏன் அலுக்கவில்லை என்பதற்கு முதலாளி வாடிக்கையாளர்களிடம் அரை மணி நேரம் பேசுவார். என்னைக் கேட்டால் ஒரு வரிதான். அதிலிருந்து எடுத்துப் போடுவதற்கு எதுவும் இல்லை.

ஆனால் அந்த அழகு படத்தில் இல்லை ஐயா, விளிம்பில் இருக்கிறது. பட்டை மாட்டுகிற இடத்தில் கேஸிலிருந்து நாலு கொம்பு மாதிரி நீண்டிருக்கும். அதைக் காது என்போம். காதின் மேல்பக்கம் ஒரு தளம், சரிவாக இன்னொரு தளம். இரண்டும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு. மயிரிழை அளவு. அந்தக் கோடு கத்தி மாதிரி நின்றால்தான் வெளிச்சம் அதில் உடையும், கடிகாரம் உயிரோடு இருக்கும். படம் வரைந்தவரின் பெயரைப் புத்தகத்தில் போடுகிறார்கள். அரத்தைப் பிடித்து அந்தக் கோட்டை நிறுத்தியவன் பெயர் எங்கும் இல்லை. அவனுக்கும் கட்டைவிரல் வலித்திருக்கும்.

மெருகேற்றச் சுழலும் பஃப் என்ற துணிச் சக்கரத்தில் ஒரே ஒருமுறை காட்டினால் போதும். கேஸ் பளபளக்கும், விளிம்பு பாதி தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கிவிடும். போனது போனதுதான். முப்பத்தொரு வருடத்தில் நான் கொன்ற விளிம்புகளுக்குக் கணக்கில்லை. அதற்காக என்னை யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை. சம்பளம் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் மாடியிலிருந்து பல் டாக்டர் இறங்கி வந்தார். எங்கள் கட்டிடத்தின் மேல்தளத்தில் ஆறு வாரத்துக்கு முன்னால் மருத்துவமனை திறந்தவர். முப்பத்தெட்டு வயது, சிரித்த முகம். முதலாளி வெளியே போயிருந்ததால் நேராகப் பின்னறைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, மெருகுக்காரர் நீங்கதானே? நம்ம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான். தேய்ச்சுத் தேய்ச்சே பொழைக்கிறவங்க."

"உங்க சரக்கு கத்தும் டாக்டர். என் சரக்கு கத்தாது" என்றேன்.

அதற்கு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கைக்குட்டையைப் பிரித்து மேஜையில் வைத்தார். அந்தக் கடிகாரம். தங்கம். வில்லையைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தேன். ஒருமுறைகூடச் சக்கரத்தில் காட்டாத கேஸ். அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. காதோரத்துக் கோட்டில் நகத்தை ஓட்டினேன். நகத்தைச் சீவிக்கொண்டு வந்தது.

"அப்பாவோடது. போன வருஷம் தவறிட்டார். பெட்டியில தூங்குதேன்னு கட்டிப் பார்த்தேன், இந்த முனை கையுறையக் கிழிக்குது. வாரத்துக்கு ஒரு டப்பா போகுது அண்ணே. முனையெல்லாம் நல்லா உருட்டிக் கொடுத்துடுங்க. அப்படியே இந்தப் பள்ளத்தையும் எடுத்துடணும்."

கீழ்க் காதில் எள்ளளவு ஒரு பள்ளம் இருந்தது.

"இது எப்படி விழுந்துச்சு?"

"ஏதோ கல்லு தெறிச்சுதாம். அப்பா குவாரி வச்சிருந்தார். சாகுற வரைக்கும் இதையே சொல்லிட்டிருப்பார். அன்னைக்கு மட்டும் கழட்டி வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதேன்னு."

வியாழக்கிழமை தருவதாகச் சீட்டு எழுதினேன். ஒரு பாதி அவருக்கு, ஒரு பாதி எனக்கு. கதவருகே போனவர் திரும்பி, "ஏன்ணே கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க? நாளைக்கு மேல வாங்க" என்றார்.

அந்தப் பள்ளம் விழுந்த நாள் எனக்குத் தெரியும். குவாரியில் மதியம் பன்னிரண்டுக்கு வெடி வைப்பார்கள். அதற்கு அஞ்சு நிமிடம் முன்னால் விசில் ஊதி, குழிக்குள் இருப்பவர்களை மேலே ஏற்றுவார்கள். அங்கே கடிகாரம் கட்டியிருந்தது குவாரி முதலாளி ஒருவர்தான். அஞ்சு நிமிடம் என்பது அவர் மணிக்கட்டில் இருந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் பெரிய இடத்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது. விசில் கேட்டு என் அப்பா ஏணியில் பாதி ஏறியிருந்தபோது வெடித்தது. விசாரிக்க வந்தவரிடம் குவாரி முதலாளி மணிக்கட்டை நீட்டினார். "முழுசா அஞ்சு நிமிஷம் கொடுத்தேன். இது தப்பாக் காட்டுற சாமான் இல்ல." வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். தலையாட்டினார். கல் விழுந்து மரணம் என்று எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் குவாரி முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு மூட்டை அரிசி, ஒரு போர்வை, இரண்டும் இனாம். அப்பாவைத் துணி போட்டு மூடியிருந்தது. அவர் நின்றுகொண்டே கட்டைவிரலால் கடிகாரத்தின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளையிடம், "கல்லு பட்டுருச்சு பாரு" என்றார். எனக்குப் பதினோரு வயது. அவர் மணிக்கட்டு என் கண்ணுக்கு நேராக இருந்தது. உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். அப்பாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை. அந்த வெள்ளை முகம் கோடு கோடாக நினைவிருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் ஆளின் பேனா வேகமாக ஓடுகிறது. பழிக்குப் பழி என்று எழுதுகிறார் போலிருக்கிறது. அடித்துவிடச் சொல்லுங்கள். எனக்காக வைத்திருக்கும் வக்கீலும் அதைத்தான் எழுதச் சொல்கிறார். அப்படிச் சொன்னால் கேட்பவர் மனசு இளகுமாம், தண்டனை குறையுமாம். எனக்குக் குறைக்க வேண்டாம். டாக்டர் அப்போது பிறக்கவே இல்லை. பிறக்காதவர்மேல் எனக்கு என்ன பழி?

திங்கள் மாலை எல்லாரும் போன பிறகு கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தேன். இங்கே தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கடிகாரத்தைத் திறந்தவன் மூடுவதற்கு முன்னால் பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் தன் அடையாளத்தையும் தேதியையும் கீறிவைப்பான். கட்டியிருப்பவருக்குத் தெரியாது. அடுத்துத் திறப்பவனுக்காக. அதில் எட்டு அடையாளங்கள் இருந்தன. எட்டுப் பேர் உள்ளே சுத்தம் செய்திருக்கிறார்கள், ஒருவரும் வெளியே கை வைக்கவில்லை. பள்ளத்தை எடுக்கச் சொல்லி குவாரி முதலாளி கேட்காமல் இருந்திருக்க மாட்டார். எடுத்தால் விளிம்பு போய்விடும் என்று எட்டுப் பேரும் மறுத்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்த எட்டுப் பேர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஓட்டத்தைச் சோதிக்கிற கருவியிலும் வைத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று நொடி வித்தியாசம். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் அவ்வளவுதான். அப்படியென்றால் அன்றைக்கு அந்த அஞ்சு நிமிடம் குறைந்தது கடிகாரத்தில் இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி. நல்ல பொருள்மேல் அவப்பெயர் இருக்கக் கூடாது. வெறுமனே பார்ப்பதற்காகத் திறந்ததால் அன்று அடையாளம் போடவில்லை. வேலை செய்தால்தான் போடுவோம்.

செவ்வாய்க்கிழமை மாடிக்குப் போனேன். நாற்காலியைச் சாய்த்தார். மேலே கூரையில் குழந்தை கிறுக்கின படம் ஒன்று ஒட்டியிருந்தது. கைகால் முளைத்த பல் ஒன்று சைக்கிள் ஓட்டுகிறது.

"மக வரைஞ்சது. ஆறு வயசு. வாயைத் திறந்துட்டு எல்லாரும் மேலதானே பார்த்தாகணும், அதான்."

வலிக்காமல் குடைந்தார். நல்ல கை. மருந்தை அடைத்துவிட்டு, அடுத்த வாரம் வந்தால் நிரந்தரமாக வைத்துவிடலாம் என்றார். பணத்தை எடுத்தேன். "அட, உள்ள வைங்கண்ணே. வாட்ச் வேலையில கழிச்சுக்கலாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அப்போதே அந்த வேலையை நான் செய்யப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

வியாழன் பகல் ஒன்றேகாலுக்கு வந்தார். அந்த நேரம் முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போவார், முன்கதவு பூட்டியிருக்கும். டாக்டர் சந்துப் பக்கத்துக் கதவு வழியாக வந்தார். கடிகாரத்தை மேஜைமேல் வைத்து, என்னால் முடியாது என்றேன்.

"முனையத்தானேண்ணே உருட்டணும். அதுல என்ன இருக்கு?"

"அதுலதான் எல்லாம் இருக்கு."

"பஸ் நிலையத்துப் பக்கம் ஒருத்தர் அரை மணி நேரத்துல பண்ணித் தர்றேன்னார். உங்களுக்குக் கஷ்டம்னா அவர்ட்ட கொடுத்துக்கிறேன். கோவிச்சுக்காதீங்க."

அந்தப் பஸ் நிலையத்து ஆளை எனக்குத் தெரியும். அவன் கை பட்ட கேஸை உருண்டை மிட்டாய் என்றுதான் எங்கள் கடையில் சொல்வோம். இத்தனை வருடம் எட்டுப் பேர் காப்பாற்றிய ஒன்று, டப்பா கையுறைக்காக அரை மணி நேரத்தில் போகப் போகிறது. இரண்டாவது முறையும் முடியாது என்றேன், மூன்றாவது முறையும் சொன்னேன். பிறகு அவர் மேஜைமேல் குனிந்தார். அப்போது செய்தேன். ஒரே அடி. அவர் கத்தவில்லை.

பெஞ்சில் அஞ்சு சுத்தியல் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க, மேஜைக்கால் ஆடாமலிருக்க அடியில் செருகியிருந்த கைச்சம்மட்டியை எதற்கு மெனக்கெட்டு உருவினாய் என்று ஆய்வாளர் கேட்டார். பெஞ்சில் இருப்பவை பித்தளை. இலேசானவை. ஆளுக்கு வலிக்குமே தவிர வேலை முடியாது. அதுதான் காரணம். அந்தச் சம்மட்டி என் அப்பா கல் உடைத்தது என்பது உண்மை. வேறு எந்த வீட்டுச் சம்மட்டியும் என்னிடம் இல்லை.

சந்தில் அடுத்த மனைக்குக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், அவர்களுடைய தள்ளுவண்டி கதவோரம் நின்றது. பதினைந்து அடி. கல் சுமந்தவனுக்குப் பல் டாக்டர் ஒரு பாரமா? சாரத்துக்குக் கீழே படுக்க வைத்து, தலைமாட்டில் மேலேயிருந்து விழுந்த மாதிரி ஒரு கருங்கல்லைப் போட்டேன். நாலு நாள் உங்கள் ஆட்களும் அப்படியேதான் நினைத்தார்கள். கல் விழுந்து மரணம் என்றே எழுதினார்கள். அந்த வார்த்தைகளை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டிடம் நடக்கிற இடத்தில் எது விழும், கல்தான் விழும்.

என்னை மாட்டிவிட்டது என் கைதான். ஆளை நகர்த்துவதற்கு முன்னால் பார்த்தேன், கடிகாரத்தின்மேல் தெறித்திருந்தது. ஈரம் உள்ளே இறங்கினால் முகத்தில் கறை ஏறும். திறந்தேன், துடைத்தேன், காற்றடித்தேன். மூடப்போகும்போது கை தானாக ஊசியை எடுத்தது. என் அடையாளம், வியாழக்கிழமைத் தேதி. ஒன்பதாவது. தேதி போடாமல் ஒரு மூடியை மூட இந்தக் கைக்குத் தெரியாது. பிறகு அதை டாக்டரின் மணிக்கட்டிலேயே கட்டிவிட்டேன். கொன்றதற்காக என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், திருடன் என்று மட்டும் சொல்லக் கூடாது. ஆய்வாளர் கேட்டபோது, திங்கட்கிழமையே கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டேன், அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை என்றேன். அவர் கெட்டிக்காரர். இன்னொரு கடிகாரக்காரரிடம் கொண்டுபோய்த் திறந்து பார்த்திருக்கிறார். தேதி தப்பாகக் காட்டுகிற சாமான் இல்லை.

இப்போது அது உங்கள் கண்காணிப்பில் இருக்கிறது. நேற்று பார்த்தேன், சாவிக்கொத்தோடு சேர்த்து ஒரே கவரில் போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து பிரித்து வைக்கச் சொல்லுங்கள். உரசினால் கீறல் விழும்.

முந்தாநாள் அக்கா என்னைப் பார்க்க வந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். அப்பா போன மறுநாள் கூடையைத் தூக்கியவள், நாற்பது வயதுவரை இறக்கி வைக்கவில்லை. நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட இரண்டு வருடமும் அவள் கூலியில்தான் சாப்பிட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அப்பாவுக்காகத்தானேடா செஞ்ச?" என்றாள்.

"இல்லக்கா. வாட்சுக்காக."

"பைத்தியக்காரா. அது யார் வாட்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் வந்து அதுமேல காறித் துப்பிட்டுப் போயிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். அந்தப் புள்ள என்னடா பண்ணுச்சு?"

அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, செஞ்சுட்ட. அப்பாவுக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லு. கோர்ட்டுக்கு வேணாம், எனக்குச் சொல்லு. இல்லேன்னா நான் எதுக்குடா உன்னை வளர்த்தேன்?"

சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வராது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் சொல்லச் சொன்னீர்கள், யாரும் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். என் பர்ஸ் உங்களிடம் இருக்கிறது. அதன் உள்மடிப்பில் கடைச் சீட்டு ஒன்று இருக்கும். டாக்டரிடம் கொடுத்த பாதி. அவர் எதற்காக மேஜைமேல் குனிந்தார் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எழுதுவதற்காகக் குனிந்தார்.

மூன்றாவது முறை நான் முடியாது என்றதும் அவர் சிரித்துவிட்டார். "சரி விடுங்கண்ணே. ஒரு வாட்ச் மேல இவ்வளவு உசுரை வச்சிருக்கிற ஆளை நான் பார்த்ததில்ல. யார்ட்டயும் கொடுக்கல, நீங்களே வச்சுக்கங்க. எனக்கு மணி பார்க்க போன் போதும்." நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நெசமாத்தான் சொல்றேன். எங்கப்பா இருந்திருந்தா அவரே உங்க வீட்டுக்கு வந்து சந்தோஷமாக் கொடுத்திருப்பார்." பேனாவை எடுத்து, சீட்டைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தார். 'இந்தக் கடிகாரத்தை மெருகுக்கார அண்ணனுக்கே' என்பதுவரை இருக்கும். மீதி இல்லை.

ஆக, அந்த நேரத்தில் விளிம்புக்கு எந்த ஆபத்தும் இல்லை. நீங்கள் கேட்கப்போவது அதுதானே? நானும் யோசிக்காமல் இல்லை. பிடித்துவந்த நாளிலிருந்து அதையேதான் யோசிக்கிறேன். அந்த வீட்டு இனாம் எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறது, இரண்டாவது முறை எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் அதில் விஷயம். மற்றபடி என் பேச்சில் மாற்றம் இல்லை. விளிம்புக்காகத்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் மறுக்கமாட்டேன். டாக்டர் என் பல்லுக்குக் கூலி வாங்கவில்லை. பதிலுக்கு ஒரு வேலை செய்துதருவதாக ஒப்புக்கொண்டேன், செய்யவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் பட்டிருக்கும் கடன் அது ஒன்றுதான். ஒரு பல்.